செத்துப்போகாத கலியமூர்த்திக்கு நாங்கள் கொண்டுபோன மாலை

இயேசு மரி சூசை துணை

நெய்வேலி, பிளாக் 21

மிகவும் மதிப்புக்குரிய மாப்பிள்ளை ஜெப்ரின் அவர்களுக்கு, மாமனார் இன்னாசிமுத்து எழுதிக்கொள்வது. தங்களுக்கும் மகள் மெர்லினுக்கும் பெங்களூரில் ஆண்டவர் ஒரு குறையும் வைக்காமல் காக்க வேண்டும். இங்கே நானும் உங்கள் அத்தை மரியசெல்வியும் உயிரோடு இருக்கிறோம். அதைத் தனியாகச் சொல்லவேண்டிய நிலைமை வந்துவிட்டதால் சொல்கிறேன். போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். வீட்டில் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது மாப்பிள்ளை, மைன்ஸ் கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது டிவிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியை வைத்துவிட்டுப் போனீர்கள். மாமா, இது நம் வீட்டுக்கே சொந்தமான ஏஐ, நீங்கள் சொல்வதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு கேட்டால் எடுத்துச் சொல்லும், வெளியே எந்தக் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை போகாது என்றீர்கள். எனக்கும் மறதி அதிகமாகிவிட்டதால் சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன். கேஸ் புக் பண்ணியது, பிரஷர் மாத்திரை, யார் வீட்டு விசேஷம், எல்லாம் அதனிடம்தான் சொன்னேன். அத்தையின் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தீர்கள். அதுதான் வினை.

இந்த மாதக் கடைசியில் நான் ரிட்டயர் ஆகிறேன், உங்களுக்குத் தெரியும். விருந்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்த நேரத்தில் அத்தை பெட்டியிடம் கேட்டிருக்கிறாள். அது வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கலியமூர்த்தி பெயர் வந்ததும், அவர் இறந்துவிட்டார், அழைக்க இயலாது என்றிருக்கிறது. கலியமூர்த்தி யாரென்று மெர்லினைக் கேட்டால் சொல்லுவாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவர், என்னோடு ஒரே ஷிஃப்டில் காலம் பூராவும் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்த்தவர், ரிட்டயர் ஆனபின் முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு போனவர். அவருடைய பிரிவுபசார மேடையில் வாட்ச்மேன் வரைக்கும் நன்றி சொல்லிவிட்டு என் பெயரை மட்டும் விட்டுவிட்டதால், அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

நான் வீட்டுக்குள் நுழைந்தால் பிளாக்கே கூடியிருக்கிறது. "கலியமூர்த்தி அண்ணன் போய்ட்டாராமே, ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலியேங்க" என்று அத்தை மூக்கைச் சிந்துகிறாள். அப்படியே செருப்போடு உட்கார்ந்துவிட்டேன். யார் சொன்னது என்றால் பெட்டி என்கிறாள். நானே கேட்டேன் மாப்பிள்ளை. உங்கள் குறிப்பின்படி அவர் காலமாகிவிட்டார், என் ஆழ்ந்த இரங்கல்கள் என்றது. குறிப்பின்படி என்ற வார்த்தையைக் கவனிக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்? போன் போட்டு விசாரிக்கலாமென்றால், அவருடைய நம்பரைக் கோபத்தில் எப்போதோ அழித்துவிட்டிருந்தேன். யூனியன் ராஜேந்திரன் துக்கக் காரியம் என்றால் ஒரு நிமிடம் நிற்கமாட்டார். வேன் பிடித்து, ஆளுயர மாலை வாங்கி, கண்ணீர் அஞ்சலி என்று கலியமூர்த்தியின் படத்தோடு ஃப்ளெக்ஸும் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். போகிற வழியெல்லாம் நான் அழுதேன். பேசாமலேயே போய்விட்டானே என்று வாய்விட்டு அழுதேன்.

முத்தாண்டிக்குப்பத்தில் பந்தல் இல்லை, சங்கு இல்லை. அதற்குள் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றார் ராஜேந்திரன். அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். கதவு திறந்தது. கையெல்லாம் எண்ணெயும் பலாப்பிசினுமாக, அரிவாளோடு கலியமூர்த்தியே வெளியே வந்தார். மாப்பிள்ளை, லாசர் கல்லறையிலிருந்து எழுந்து வந்ததைக் கோயிலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், எதிரில் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பிடித்திருந்த மாலையை நழுவவிட்டுவிட்டேன். அவர் ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழ்வரை படித்தார். பின்னாலேயே வந்த அவர் மனைவி பெரியநாயகி, "எந்தாலி கழுத்துல கெடக்கறப்ப எவ என் வூட்டு வாசல்ல ஒப்பாரி வெக்கிறது?" என்றாள். ராஜேந்திரன் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வேனுக்குள் ஏறிவிட்டார்.

அத்தை தன்மேல் பழி வரக்கூடாதென்று போனை எடுத்து, நீதானே சொன்னாய் என்று எல்லோர் முன்னாலும் பெட்டியைக் கேட்டாள். அது மரியாதையாக, பிப்ரவரியில் பதிவான குறிப்பை ஒலிக்கவிடுகிறேன் என்றது. அப்புறம் கேட்டது என் குரல். "வடலூர் பஸ் ஸ்டாண்டுல என்னப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிகினு போறான். இனிமே என்னப் பொறுத்தவரைக்கும் கலியமூர்த்தி செத்துட்டான். எழுதிக்க."

கலியமூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு ஆபரேசன் பண்ணிகினு வந்தன்யா அன்னிக்கு. பஸ்ஸே தெரியல, நீ எங்க தெரிவே?"

மேடையில் என் பெயரை விட்டது என்ன கணக்கு என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடைசியா சொல்லலாம்னு வெச்சிருந்தேன். உம்பேரு வர்றப்ப தொண்ட அடச்சிகிச்சு, எறங்கிட்டேன்" என்றவர், என் வீங்கின கண்ணைப் பார்த்து, "நீ அழுதுகினு வந்தது நெசமா?" என்றார்.

சட்டையே நனைந்திருந்தது, அதைக் காட்டினேன். அவர் உள்ளே போய்த் தட்டு நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து வேனில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பெரியநாயகி மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை.

முடிவு நல்லதாகத்தான் ஆயிற்று. ஆனால் அதற்காக இந்தப் பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. கோபத்தில் சொன்னது எது, நிஜம் எது என்று அதற்குத் தெரியவில்லை. வெளியாருக்கு ஒன்றும் போகாது என்றீர்கள். வெளியார் கேட்டால் எனக்கென்ன, என் வீட்டாருக்குத்தானே போகக்கூடாது? ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமையே வந்து அதைக் கழற்றிக்கொண்டு போகும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மெர்லினுக்கு எங்கள் முத்தங்கள். வேளாங்கண்ணித் தாய் உங்கள் இருவருக்கும் நிழலாக இருக்கட்டும்.

தங்கள் மாமா,
இன்னாசிமுத்து

பின்குறிப்பு: தயவுசெய்து வர வேண்டாம், வந்தால் பெட்டி உங்கள் முன்னாலும் வாயைத் திறக்கும். நேற்று கலியமூர்த்தி வீட்டுக்கு வந்து பெட்டிமுன் உட்கார்ந்து, இன்னாசி கணக்கில் இன்னும் யார் யார் செத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டார். அத்தையின் அண்ணன் பெயரைச் சொன்னது. அதனால் நேற்று ராத்திரி எனக்குச் சோறு இல்லை. அடுத்ததாகத் தங்கள் பெயரைச் சொன்னது. நீங்கள் ஈஸ்டருக்கு வருகிறேன் என்று வராமல் போன அன்று ஏதோ சொல்லியிருப்பேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களை உடனே உயிர்ப்பிக்கச் சொல்லிவிட்டேன். அதற்கு உங்கள் பாஸ்வேர்டு வேண்டுமாம்.