மோதிரம் லாக்கரில் இருக்கிறது

துண்டை எவ்வளவு கீழே இழுத்துவிட்டாலும் தோஜினின் மூக்கு வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது.

“என்ன பண்றீங்க, சோதாம் அப்பா? எல்லாரும் துண்டைத் தலையில கட்டியிருக்காங்க. நீங்க என்ன புதுப்பொண்ணு மாதிரி முக்காடு போடுறீங்க?” என்று கேட்டாள் அவன் மனைவி ஹேரிம்.

“கண்ணு கூசுது.”

“இங்க பாதி விளக்குதான் எரியுது.”

“அந்தப் பாதிதான் கூசுது.”

ஹேரிம் உதட்டைச் சுழித்துவிட்டு நடந்தாள். அவள் துண்டை இரண்டு காதுப் பக்கமும் உருட்டிச் சுருட்டி அழகாகக் கட்டியிருந்தாள். அந்தப் பொது வெந்நீர்க் குளியல் நிலையத்தில் எல்லாருக்கும் கொடுக்கிற ஆரஞ்சுச் சட்டையும் தொளதொள அரைக்கால்சட்டையும் மாட்டிக்கொண்டு ஒரு பெண் இவ்வளவு லட்சணமாக இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று தோஜினுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கூடத்தில் படுத்துக்கிடந்த ஆண்களில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று துண்டுக்கு அடியிலிருந்து ஒரு பார்வை பார்த்தான்.

ஆனால் அவன் முக்காடு போட்டது அதற்காக அல்ல. கூடத்தின் எதிர்ப்பக்கம் சுட்ட முட்டை விற்கிற கடை இருந்தது. அதன் பின்னால் நின்ற அம்மாளை அந்த வெந்நீர் நிலையம் முழுவதும் ‘சித்தி’ என்றுதான் கூப்பிடும். அவள் ஒருதரம் நிமிர்ந்து பார்த்து, “வாப்பா தோஜின்!” என்று சொல்லிவிட்டால் போதும், அவன் குடும்ப வாழ்க்கை அன்றோடு காலி.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை தோறும் தோஜினுக்குக் கம்பெனியின் சோங்ஜு ஊர்க் கிளையில் மீட்டிங். வீடு திரும்ப ராத்திரியாகிவிடும். ஹேரிமுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உண்மையில் அந்த மீட்டிங் ஒரு வருஷமாக இந்தக் கூடத்தில், சுவரில் உப்புக்கல் பதித்த உப்பு அறைக்குப் பக்கத்து மூலையில்தான் நடந்துகொண்டிருந்தது. கலந்துகொள்கிறவர் ஒருவர். நிகழ்ச்சி நிரலில் தூக்கத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது.

பாவம், வேறு ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவன். நாலு வயது சோதாம் விடியுமுன் எழுந்து அப்பாவின் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடுவாள். மனுஷன் எங்கேதான் தூங்குவான்? ஆனால் ஹேரிமும்தானே நாலு வருஷமாகத் தூங்கவில்லை! உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் போய்த் தூங்கினேன் என்று எந்த வாயால் சொல்வது? அதை நினைத்தால்தான் அவனுக்கு வெந்நீரிலும் உடம்பு சில்லிட்டது.

இன்றைக்கு இங்கே வந்தது அவன் யோசனை அல்ல. கல்யாண நாள் பரிசாக ஹேரிமின் அக்கா இரண்டு டிக்கெட்டை வாங்கி நீட்டி, குழந்தையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். “இதுக்கு சினிமாவுக்குப் போகலாமே” என்று ஹேரிமே இழுத்தாள். “ஆமா ஆமா, சினிமா!” என்று தோஜின் துள்ளினான். “வாயை மூடிக்கிட்டுப் போய் உடம்பைச் சூடு பண்ணிட்டு வாங்க” என்று அக்கா கதவைச் சாத்திவிட்டாள்.

கீழே ஆண்கள் குளம், பெண்கள் குளம் என்று தனித்தனியாக ஊறிவிட்டு, இருவரும் மாடிக் கூடத்தில் இப்போதுதான் சேர்ந்திருந்தார்கள்.

“முட்டை வாங்கட்டுமா?” என்றாள் ஹேரிம்.

“வேணாம்!” தோஜினின் குரல் எகிறியது. “அதாவது... முதல்ல வேர்க்கணும். வேர்த்த பிறகுதான் முட்டை ருசிக்கும். வா, சூளைக்குப் போகலாம்.”

அதுதான் அவன் செய்த முதல் தப்பு.

செவ்வாய்க்கிழமைகளில், ஆட்கள் உள்ளே உட்கார்ந்து வேர்க்கிற அந்த விறகுச் சூளையைப் பார்த்துக்கொள்கிறவர் முதுகு வளைந்த ஒரு பெரியவர். இன்றைக்கு வாசலில் நின்றவனை தோஜின் பார்த்ததே இல்லை. தோள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இருந்தது. ஹேரிமைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. காய்ந்த கோரைப்பாய் ஒன்றைத் தனியாக எடுத்து, நல்ல மூலையாகப் பார்த்து விரித்தான். மரத் தலையணை வந்தது. மூக்கில் வைத்துக்கொள்ள ஈரத்துணி வந்தது. தோஜினுக்கு ஒரு கந்தல் சாக்கு வந்தது.

“உனக்கு அவனைத் தெரியுமா?”

“யாரை?”

“அந்தத் தோளை.”

“எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாங்க போல.”

“எனக்குச் சாக்குதானே குடுத்தான்?”

“உங்களைப் பாத்தா சாக்கு போதும்னு தோணியிருக்கும்” என்று ஹேரிம் கண்ணை மூடிக்கொண்டாள். மூடுவதற்கு முன்னால், தோஜின் பார்க்கவில்லை என்று நினைத்து, அந்த ஆளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து ஒரு சைகை காட்டினாள். அவனும் தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தான்.

தோஜினின் வயிறு பற்றி எரிந்தது. சூளையில் வைத்திருந்த தேவதாரு விறகுகூட அப்படி எரியவில்லை.

இவளை இங்கே தனியாக விட்டுவிட்டு ஓர் அடி நகரக்கூடாது என்று முடிவு செய்தான். வழக்கமாக அவனால் சூளைக்குள் பல் துலக்குகிற நேரம்கூட உட்கார முடியாது. இன்றைக்கு ரோஷம் உட்கார வைத்தது. ஹேரிமை ஒட்டி, அந்தத் தோளுக்கும் அவளுக்கும் நடுவில், கல் மாதிரி உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். வேறு ஆட்கள் வந்தார்கள், அவர்களும் போனார்கள். கடைசியில் கூரை மெள்ளச் சுற்ற ஆரம்பித்தது.

கண் விழித்தபோது அவன் அந்தத் தோளின் மேலேயே வெளியில் போய்க்கொண்டிருந்தான். சாக்கு மூட்டையை இறக்குவதுபோல அவனைக் கூடத்தில் இறக்கினான் சூளைக்காரன். ஹேரிம் பின்னாலேயே ஓடிவந்தாள்.

“ரொம்ப நன்றி, ஓப்பா!”

தோஜினுக்கு மயக்கம் சுத்தமாகத் தெளிந்துவிட்டது. ஓப்பா! அண்ணனையும் காதலனையும் பெண்கள் கூப்பிடுகிற சொல்; கல்யாணத்துக்கு முன்னால் அவள் இவனைக் கூப்பிட்ட பேர் அது. அந்த ஒரு சொல்லுக்காக மழையில் நனைந்துகொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறான். சோதாம் பிறந்த அன்று அவன் ‘சோதாம் அப்பா’ ஆனான். அதற்கப்புறம் அந்தப் பழைய பேர் என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருந்தான். இப்போது தெரிந்துவிட்டது.

“அவன் என்ன உனக்கு ஓப்பா?”

“வயசுல பெரியவரு. வேற எப்படிக் கூப்பிடறது?”

“ஐயான்னு கூப்பிடு. சூளைக்காரரேன்னு கூப்பிடு.”

“தூக்கிட்டு வந்து போட்டிருக்காரு. உங்க கனமும் கொஞ்சமா?” என்று சொல்லிவிட்டு அவள் சூளைக்காரனைப் பார்த்துச் சிரித்தாள். வாய்விட்டு, பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! தோஜினுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, அன்பால்தான் இவளைத் திருப்பவேண்டும் என்று தோன்றியது. அவளுக்குப் பிடித்த இனிப்பு அரிசிப் பானமும் முட்டையும் தானே போய் வாங்கிவந்து தருவது. அதற்கு சித்தியிடம் போகவேண்டும். துண்டை வாய் வரைக்கும் இழுத்துக்கொண்டு, தொண்டை கட்டியதுபோல் குரலை மாற்றிக்கொண்டு, கடையில் போய் நின்றான்.

“ரெண்டு முட்டை, ரெண்டு பானம்” என்றான் கரகரப்பாக.

சித்தி நிமிரவே இல்லை. ஒரு டம்ளரில் ஐஸ் போட்டாள். இன்னொன்றில் போடவில்லை. “உனக்குத்தான் ஐஸ் ஒத்துக்காதே. தொண்டை வேற கட்டியிருக்கு. இன்னிக்கு என்ன, சனிக்கிழமையில வந்திருக்கே?”

தோஜின் உதட்டில் விரலை வைத்தான். சித்தி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். குதூகலமாகி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காதுக்குப் பக்கத்தில் வந்தாள். “நல்லவேளை வந்தே. உன்கிட்ட ஒரு நல்ல விஷயம் பேசணும். கூட்டம் குறையட்டும், தனியா வா.”

தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தான். ஹேரிம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அந்தம்மா ஏன் உங்க கையைப் பிடிச்சா?”

“மீதிச் சில்லறை குடுத்தா.”

“காதுலயா?”

“அவளுக்கு வயசு அறுபது, ஹேரிம்.”

“வயசை நான் கேட்டேனா? உங்களுக்கு ஐஸ் ஆகாதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? ஐஸ் இல்லாத டம்ளர் ஒண்ணுதானே வந்திருக்கு?”

தோஜின் கார் விபத்துகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுகிற காப்பீட்டு ஆள். பொய் சொல்கிறவர்களைத் தினம் பார்க்கிறான். அவர்களிடமிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அப்போது தெரிந்தது. “அவ... அவ எங்க கம்பெனி வாடிக்கைக்காரி. வேன் இடிச்சுக்கிட்டது.”

“எங்க இடிச்சுது?”

“சோங்ஜுல.”

“சோங்ஜு மீட்டிங்ல முட்டைக்காரியோட வேனைத்தான் பாக்கறீங்களா?”

ஹேரிம் முட்டையைத் தன் நெற்றியில் ஓங்கித் தட்டி உடைத்தாள். வழக்கமாக அதை அவன் நெற்றியில்தான் விளையாட்டாகத் தட்டுவாள். தின்றுவிட்டு, உப்பு அறைப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. இனி நேராகக் கேட்டுவிட வேண்டியதுதான். தோஜின் சூளை வாசலுக்குப் போனான்.

“அந்தப் பொண்ணை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சூளைக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். “நீங்க யாருங்க?”

“நான் அவ புருஷன்!”

“மோதிரம்?”

“லாக்கர்ல இருக்கு.”

அது உண்மை. சூட்டில் தங்கம் விரலைப் பொசுக்கிவிடும் என்று எல்லாருமே மோதிரத்தைக் கீழே லாக்கரில் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். மாடியில் எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சுச் சட்டை, வெறும் விரல். யார் யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்க எந்த வழியும் கிடையாது.

“இந்த வாரத்துல ‘மோதிரம் லாக்கர்ல’ன்னு சொல்ற மூணாவது ஆள் நீங்க” என்றான் சூளைக்காரன். “வந்ததிலேர்ந்து பாக்கறேன், அவங்க பின்னாலயே சுத்தறீங்க. உள்ளயும் ஒட்டி உக்காந்து மயங்கி விழுந்தீங்க. மரியாதையா ஒதுங்கிடுங்க. அவங்களுக்கு ஏற்கெனவே ஒருத்தரைப் பாத்து வச்சிருக்கு.”

தோஜினின் காதில் வண்டு குடைந்தது. “ஒருத்தரையா? யாரு?”

“நான் நேர்ல பாத்ததில்ல. தங்கமான மனுஷனாம். குடி கிடையாதாம், அதிர்ந்து பேச மாட்டாராம். அவங்களுக்கே இன்னும்...”

“தங்கமான மனுஷனா!”

இந்தத் தோள்கூட இல்லையா? இதற்கு மேல் ஒருத்தனா? முகம் தெரியாத அந்தத் தங்கமானவனை தோஜின் அடியோடு வெறுத்தான். அவன் உயரமாக இருப்பான். வயிறு இருக்காது. ராத்திரியெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்து, கண்ணுக்குக் கீழே கருப்பு விழாமல் இருப்பான்.

“யாருடா அவன்? வரச் சொல்லுடா அவனை! கையைக் காலை ஒடிக்கிறேன்!”

கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வரிசையாக எழுந்து உட்கார்ந்தார்கள். ஹேரிம் ஓடிவந்தாள்.

“என்ன மானத்தை வாங்கறீங்க! என்ன ஆச்சு?”

“அந்தத் தங்கமான மனுஷன் யாரு?”

“எந்த மனுஷன்? மயக்கம் இன்னும் தெளியலையா?”

“எல்லாம் தெளிஞ்சாச்சு! விரலை வச்சு சைகை காட்டினியே, பாக்கலைன்னு நினைச்சியா? என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு ஹேரிம்? நான் என்ன பாவம் பண்ணேன்?” தோஜின் துண்டை உருவித் தரையில் அடித்தான். ஆத்திரம் கண்ணை மறைத்தது. “ஒரு வருஷமா செவ்வாய் தவறாம இங்க வர்றேன்! அந்த உப்பு அறை மூலையில கட்டாந்தரையில கிடக்கறேன்! எனக்கு ஒருத்தன் ஒரு பாய் விரிச்சிருப்பானா? உனக்கு மட்டும் பாயி, தலகாணி, மூக்குக்கு ஈரத்துணி...”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

“செவ்வாய்க்கிழமையா?” ஹேரிமின் குரல் தணிந்து வந்தது. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. “அப்ப சோங்ஜு?”

“சோங்ஜுன்னு ஒண்ணும் இல்ல. தூங்கத்தான் வந்தேன். வேற ஒண்ணுமே இல்ல. சோதாம் மேல சத்தியமா தூக்கம்தான்.”

“அவளை என் தலையில கட்டிட்டு, இங்க வந்து தூங்கினீங்களா? நான் மட்டும்...” என்று ஆரம்பித்தவள், என்னவோ நினைத்துக்கொண்டதுபோல் சட்டென்று வாயை மூடினாள். முகம் ஏன் அப்படிச் சிவந்தது என்று தோஜினுக்குப் புரியவில்லை. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தான். “மன்னிச்சிடு” என்று சொல்ல வாயெடுத்தான். ஆனாலும் பாழாய்ப்போன பொறாமை விட்டால்தானே?

“தப்புதான். ஆனா அவன் யாருன்னு சொல்லிடு.”

கையில் முட்டைக் கரண்டியுடன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் சித்தி. தோஜினைப் பார்த்தாள், ஹேரிமைப் பார்த்தாள். பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் மறுபடி ஒருதரம் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாகக் கேட்டாள்:

“எதுக்குப்பா இந்தக் கத்து கத்தறே? நீ செவ்வாய்க்கிழமை தனியா வந்து சுருண்டு படுக்கிற அதே மூலையில, வியாழக்கிழமை தவறாம தனியா வந்து சுருண்டு படுக்குற பொண்ணாச்சேன்னு, இவளுக்கு நான் பாத்து வச்சிருக்கிற மாப்பிள்ளையே நீதானே!”