மூன்று பூட்டுப் போட்ட கம்ப்யூட்டர்

இனிமேல் இந்த வீட்டுக் கம்ப்யூட்டரைக் காப்பாற்றப் போவது நான்தான், வேறு எந்தப் பயலும் அதன் பக்கம் வரத் தேவையில்லை என்று பூட்டுக்கடைக்காரர் சாப்பாட்டு மேசையைத் தட்டிச் சொன்னார். தட்டிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. மனைவி பேசாமல் துணி எடுத்து வந்து துடைத்தாள். அவள் பேசாமல் இருந்தால் ஆபத்து என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். அவள் குழந்தைகளுக்கு உடை தைத்து விற்பவள். அளவுப் படங்கள், ஆர்டர்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தன. கொஞ்ச நாளாக அது பேய் பிடித்த மாதிரி ஆடியது. எதைத் திறந்தாலும் உடம்பு இளைக்க மருந்து, முடி வளர எண்ணெய் என்று விளம்பரம் குதித்தது. எண்ணெய் விளம்பரம் தன் தலையைப் பார்த்துத்தான் வருகிறது என்று அவருக்குச் சந்தேகம். உள்ளே வேவு பார்க்கிற புரோகிராம் ஏதோ புகுந்திருக்கிறது, நான் வந்து பார்க்கிறேன் என்று மனைவியின் தம்பி போனிலேயே சொல்லிவிட்டான்.

அந்த 'வந்து பார்க்கிறேன்'தான் பூட்டுக்கடைக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தது. வைரஸ் வந்தால் துரத்திவிடலாம். மைத்துனன் வந்தால் துரத்த முடியுமா? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். போன தடவை இரண்டு நாளைக்கு என்று வந்தவன் மழைக்காலம் முழுக்க இருந்தான். ஜன்னலோரம் இருந்த அவருடைய சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவன் போன பிறகு பார்த்தால் நாற்காலி அவன் உடம்புக்கு ஏற்றபடி குழிந்து போயிருந்தது. இன்றைக்கும் அதில் உட்கார்ந்தால் மைத்துனன் மடியில் உட்கார்ந்த மாதிரியே அவருக்கு இருக்கும்.

இப்போது அவனுக்கு இதே ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. அறை கிடைக்கிற வரைக்கும் நம்ம வீட்டிலேயே இருக்கட்டுமே என்று மனைவி கேட்டாள். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கூப்பிடறதுக்கு ஒரு காரணம் வேணும்ல? காரணம் இருந்தா நானே கூப்பிடறேன்."

சரி என்று அவள் அதையும் துணியை மடித்து வைப்பது போல மனதில் மடித்து வைத்துக்கொண்டாள். காரணம் இப்போது கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்து குந்திக்கொண்டது. அதை வெளியேற்றினால்தான் நாற்காலி தப்பும். அவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

பூட்டு விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்தான். கையில் வாங்கி எடை பார்ப்பார், காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார், நல்லதா பித்தலாட்டமா என்று சொல்லிவிடுவார். ஆன்டிவைரஸை எப்படி ஆட்டிப் பார்ப்பது? கடையில் ஆள் வராத நேரமெல்லாம் போனில் படித்தார். எது வேகமானது, எது தினமும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், எது வேவு பார்ப்பதைப் பிடிக்கும் என்று அலசினார். பூட்டு வாங்க வந்தவர்களிடம் சாவியைக் கொடுக்க மறந்து, உங்க வீட்டுல எந்த ஆன்டிவைரஸ் என்று கேட்டார். கடைசியில் கேடயப் படம் போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நல்ல தேர்வு என்றே சொல்ல வேண்டும். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று மாலை மனைவி பட்டன் தைத்தபடியே கேட்டாள்.

"ஏங்க, கடைக்கு எத்தனை பூட்டு போடறீங்க?"

"மூணு. மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஒண்ணை உடைச்சாலும் இன்னொண்ணு நிக்கும்ல?"

"அதான் கேட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒண்ணு போதுமாக்கும்."

சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவருக்குச் சுருக்கென்றது. மூன்று பூட்டு என்பது அவருக்குத் தொழில் ரகசியம், அப்பா காலத்துச் சட்டம். அதைத் தன் வீட்டிலேயே மீறுவதா? மறுநாளே கழுகுப் படம் போட்ட இரண்டாவது ஆன்டிவைரஸையும், பூதக்கண்ணாடிப் படம் போட்ட வேவு தடுப்பான் ஒன்றையும் தேர்ந்தெடுத்தார்.

பக்கத்துக் கடை மருந்துக்காரர் கேள்விப்பட்டு ஓடி வந்தார். ஒரே காய்ச்சலுக்கு மூணு டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சேர்த்து முழுங்கினா காய்ச்சல் இருக்கும், ஆள் இருக்க மாட்டான், எந்நேரமும் விழித்து நின்று காவல் காக்கிற ஆன்டிவைரஸ் ஒன்றுதான் இருக்கணும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நீர் மாத்திரை விக்கிறவர், அதனால மாத்திரை மாதிரி பேசறீர், காவலைப் பத்தி என்கிட்டயா பேசறீர் என்று அவரை அனுப்பிவைத்தார் பூட்டுக்கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குளித்து, தலை வாரி, சீப்புக்கு வேலையே இல்லாவிட்டாலும் வாரி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கேடயம் ஏறியது. கழுகு ஏறியது. பூதக்கண்ணாடியும் ஏறியது. மூன்றும் திரையின் வலது மூலையில் வரிசையாக நின்றன. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். இவர் மூன்றைச் செருகியிருந்தார். கேடயம் முதலில் கழுகைப் பார்த்து, சந்தேகத்துக்குரிய ஆள் நுழைந்திருக்கிறான் என்று கத்தியது. கழுகு பதிலுக்குக் கேடயத்தைப் பிடித்துச் சிறையில் போட்டது. பூதக்கண்ணாடி இரண்டையுமே ஒற்றர்கள் என்றது. நீக்கவா, வேண்டாமா என்று மூன்றும் மாறி மாறிக் கேட்க, அவர் எல்லாவற்றுக்கும் 'நீக்கு' என்றார். காவல்காரர்கள் வாசலில் கட்டிப்புரள, உள்ளே போன திருடன் சௌக்கியமாக இருந்தான். நடுவில் ஒரு தடவை முடி வளர எண்ணெயும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் அம்புக்குறி நின்றது. திரை கறுத்தது. அணைத்துப் போட்டார், தட்டிப் போட்டார், கெஞ்சியும் பார்த்தார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிட்டது. அந்தக் கறுப்புத் திரையில் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான்.

மனைவி வந்து பின்னால் நின்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு ஆர்டரோட படங்களை அனுப்பணும்ங்க. முப்பது பிள்ளைங்களோட அளவு உள்ள இருக்கு."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. அவள் ராத்திரி பகலாகக் கண் நோக வரைந்த படங்கள். தன் நாற்காலிக்காக அவள் பிழைப்பில் கைவைத்துவிட்டோமே என்று அவர் நிஜமாகவே வருந்தினார். போனை எடுத்தார்.

"மாப்ளே... சும்மாதான் கூப்பிட்டேன். சௌக்கியமா? உன்னால கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?"

"வந்துட்டு எதுக்கு அத்தான் போகணும்?" என்றான் அவன்.

நல்ல மனசோடு வரச் சொல்லுங்க என்பது போல மனைவி பார்த்தாள். வா, அறை கிடைக்கிற வரைக்கும் இங்கேயே இரு என்று அவர் தன் வாயாலேயே சொல்லி முடித்தார்.

காப்பி ஆறுவதற்குள் வாசல் மணி அடித்தது. ஊரின் அந்தக் கோடியில் சிநேகிதன் வீட்டிலிருந்து வர வேண்டியவன், ஒரு பெட்டி, ஒரு தலையணை, ஒரு மேசை விசிறி சகிதம் நின்றான். தலையணைக்கு உறை மாற்றியிருந்தது. மனைவி பதறாமல் போய்ப் பட்டன் டப்பாவைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். எல்லாம் இதுல இருக்கு, போன வாரமே எடுத்து வச்சுட்டேன், ஆர்டரை உன் லேப்டாப்புல இருந்து முதல்ல அனுப்பிடு என்றாள்.

போன வாரமா? பூட்டுக்கடைக்காரருக்கு ஏதோ உறைக்க ஆரம்பித்தது. அதற்குள் மைத்துனன் ஆர்டரை அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, மூலையில் நின்ற படங்களைக் குனிந்து எண்ணினான். பிறகு சாய்வு நாற்காலியில் போய்ப் பொருத்தமாக அமர்ந்துகொண்டு சொன்னான்.

"அக்கா, பந்தயத்துல நீதான் ஜெயிச்சே. நான் அத்தான் ரெண்டோட நிறுத்திடுவார்னு நினைச்சேன்."