நான்காவது சோற்றுப் பார்சல்

காலை ஏழரைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மாட்டுப் பட்டி பதினொரு மணியாகியும் கண்ணில் படவில்லை. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனையில் முர்ஷித்தின் மகளுக்குக் காவின், கல்யாண எழுத்து. பெண்ணின் வாப்பா நேரில் இருந்து பொறுப்புக் கொடுக்காவிட்டால் காவின் எழுத முடியாது. அந்த வாப்பா சாகாமம் ஊருக்கு அப்பால் காட்டில், முட்புதர் ஒன்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

"நல்லா உள்ளுக்குப் பாருங்க" என்றார் வழிகாட்டி வந்த சரீப் காக்கா. "காட்டுல நடக்கிறவன் ஒரு பத்தையையும் பார்க்காம உடக்கூடாது."

எல்லாம் தயிரால் வந்தது. விருந்துக்குச் சொல்லி வைத்த நாற்பது முட்டி எருமைத் தயிர் முந்தின நாள் வரவில்லை. பட்டிக்காரர் புண்ணியமூர்த்தியின் போனும் வேலை செய்யவில்லை. தயிர் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் காட்ட மாட்டேன் என்று மனைவி நபீலா சொல்லிவிட்டாள். அவளுடைய தம்பி நளீர், அக்கரைப்பற்றுத் தேநீர்க் கடையில் பழக்கமான சரீப்பைக் கூட்டி வந்தான். காட்டில் நடந்து அனுபவப்பட்டவராம். ட்ராக்டர் பாதை சுற்று, குறுக்கே போனால் ஒரு மணி நேரம் என்றாராம்.

அவருடைய அனுபவம் ஒரு மாதிரியானது. மூவரும் சேர்ந்து நடக்கக் கூடாது, இடைவெளி விட்டு வரிசையாக நடக்க வேண்டும். அடிக்கடி நின்று "ஹோ" என்று கூவுவார். பிறகு எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். யானையை விரட்டத்தான் என்றான் நளீர். யானையை விரட்டுகிறவர் ஏன் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார் என்று முர்ஷித்துக்கு விளங்கவில்லை.

வழி பார்க்கிறேன் என்று நளீர் முர்ஷித்தின் போனில் வரைபடத்தைத் திறந்தான். பச்சைப் பரப்பின் நடுவே ஒரு நீலப் புள்ளி தெரிந்தது, வேறொன்றும் இல்லை. அப்போது நபீலா போனில் அழைத்தாள்.

"இஞ்சருங்க, எங்க நிக்கிறீங்க?"

"கிட்ட வந்துட்டம்."

"எதுக்குக் கிட்ட?"

பதில் சொல்வதற்குள் பற்றரி செத்தது.

நளீர் மரத்தில் ஏறினான். குளம் தெரிகிறது, பட்டி அங்கேதான் என்றான். போனார்கள். கரையில் கிடந்த சாணத்தில் ஆவி பறந்தது. அது மாட்டுச் சாணம் இல்லை. திரும்பி ஓடியதில் முர்ஷித்தின் ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று.

ஒரு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சரீப்பின் பையில் நான்கு சோற்றுப் பார்சல்கள் இருந்தன. நான்காவதை எடுத்து நளீர் நூலை அவிழ்த்தான்.

"அத வை" என்றார் சரீப்.

"பசிக்குது காக்கா. சும்மா ஊசிப் போறதுக்கா?"

சரீப் பார்சலைப் பிடுங்கினார். நூலை முன்பு இருந்தபடியே கட்டினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டார். கூவல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

இனி மகள் வாப்பா இல்லாமல்தான் இருக்கப் போகிறாள் என்று முர்ஷித் நினைத்தார். அழுகை வந்தது. நளீர் முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் காலில் தைத்த முள்ளைத் தேடினார்.

கடைசியில் மாட்டு மணிச் சத்தம்தான் அவர்களைப் பட்டிக்குக் கொண்டு சேர்த்தது. மணி இரண்டேகால். ட்ராக்டர் நேற்றுப் பழுது, தயிர் விடியற்காலையே கல்முனைக்குப் போய்விட்டது என்றார் புண்ணியமூர்த்தி. தயிர் கொண்டு போன ட்ராக்டர் திரும்பி வந்து நின்றது. இப்போது ஏறினால் றோட்டில் ஓட்டோ பிடித்து அஸருக்குப் போய்விடலாம்.

முர்ஷித் ஏறினார், இறங்கினார். "ஒராள் உள்ளுக்கு நிக்கிறார், ஐயா. அனுபவக்காரன் எண்டு நம்பி வந்தம். அவருக்கு ஒரு வழியும் தெரியா. ஒரு சோத்துப் பார்சலுக்குக் கோவிச்சிட்டுப் போய்த் தொலைஞ்சிட்டார்."

புண்ணியமூர்த்தி காட்டைப் பார்த்தார்.

"சரீப்பா? அவர் தொலையல்ல, தம்பி. எட்டு வருசத்துக்கு முன்ன மாடு தேடி உள்ளுக்குப் போய்த் திரும்பி வராத மகனுக்குத்தான் அந்தச் சோறு. தனியத் தேட ஏலாமத்தான் உங்களையும் கூட்டி வந்திருப்பார்."