என் மனைவி முதுகில் ஏறிய தலைவர்

விலா நகரத்தில் இருக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் கல்ஃபாவு அவர்களுக்கு, டொங்கோவாத் தீவிலிருந்து உங்கள் தங்கை கணவன் கல்மட்டாக் பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். என் மரியாதை மட்டும் உயிரோடு இருக்கிறதா என்பதைக் கீழே படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பெண் கொடுக்கும்போது, "என் தங்கச்சி வாய் திறந்து பேசமாட்டா" என்று சொன்னீர்கள். உங்கள் தங்கை லெய்வியா பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு புயல் எச்சரிக்கைக் குழு ஒன்று வைத்திருக்கிறாள். விலாவிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வரும், இவர்கள் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் ஆண்கள் எங்கள் கூடுமிடமான நக்கமாலில் காவா வேர்ச்சாறு குடித்தபடி, "மழை வர்றத எங்க முட்டியே சொல்லுமே, இவளுங்க எதுக்கு?" என்று சிரிப்போம். போன செவ்வாய்க்கிழமை காலை, வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கும்போது, இவள் ஓடி வந்து, "நாளை மத்தியானம் பெரிய புயல். சங்கை ஊதுங்க. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்" என்றாள். தலைவர் சொல்லாமல் சங்கை ஊத நான் யார்? நாற்பது வருடமாகத் தலைவர் சொல்வதை ஊருக்கு அறிவிக்கும் வாயாக இருப்பவன். "தலைவர் மசோய் தூங்குறாரு, எழுந்ததும் கேக்குறேன்" என்றேன். சங்கைப் பிடுங்கினாள். ஊதினாள். மைத்துனரே, பொய் சொல்ல மாட்டேன், என்னைவிட நன்றாகவே ஊதினாள். அடுத்த தீவிலிருந்துகூட நாய் குரைத்திருக்கும்.

பெண்களும் பிள்ளைகளும் பாயோடு கிளம்பிவிட்டார்கள். ஆண்கள் அசையவில்லை. இவள் நக்கமால் வாசலுக்கு வெளியே நின்று, "லாப்லாப் கிழங்குப் பணியாரம் சுடுற கல்லெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போயாச்சு. பசிக்கிற ஆம்பளைங்க பின்னாலயே வரலாம்" என்றாள். சாயங்காலத்துக்குள் பாதி ஆண்கள் போய்விட்டார்கள். புதன் காலைக்குள் மீதியும் போய்விட்டார்கள். தலைவர், கடமைக்காக நான், காது கேட்காததால் கிழவர் மனாசே, இந்த மூன்று பேர்தான் நக்கமாலில் மிச்சம்.

மத்தியானம் காற்று வந்தது. தென்னை மட்டைகள் கிடைமட்டமாகப் பறந்தன. தலைவருக்குக் கால் வீக்கம், எழுந்து நிற்கவே முடியவில்லை. அப்போது, நம் முன்னோர் காலத்திலிருந்து எந்தப் பெண்ணும் மிதிக்காத அந்த வாசலை லெய்வியா மிதித்தாள். தலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

தலைவர் கத்தினார்: "வெளிய போ! பொம்பளை உள்ள வந்தா கூரை இடிஞ்சு விழும்!"

"அது எப்படியும் விழப்போகுது. பழி வேணா என்மேல இருக்கட்டும். முதுகுல ஏறுங்க, ஐயா."

"நானா? உன் முதுகுலயா?"

"தினமும் கிழங்கு மூட்டை சுமக்கிற முதுகுதான். ஏறுங்க!"

ஏறினார். மைத்துனரே, ஊர்த் தலைவர் உங்கள் தங்கை கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் செய்தபடி போகிறார், பின்னால் நான் ஒரு கையில் அவருடைய கைத்தடி, மறுகையில் மனாசே. பள்ளிக்கூட வாசலை நாங்கள் எட்டிய நேரத்தில் பின்னால் ஒரு சத்தம். திரும்பினேன். நக்கமாலின் கூரை முழுசாகக் கிளம்பிக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் தலைவரை இறக்கிவைத்துவிட்டு ஆள் எண்ணப் போய்விட்டாள். நூற்று நாற்பத்து மூன்று பேர். ஒருவர்கூடக் குறையவில்லை.

ஞாயிறன்று ஆலமரத்தடியில் கூட்டம். மனாசே எழுந்து, "பொம்பளை உள்ள வந்ததாலதான் கூரை போச்சு" என்றார். தலைவர், "அவ வராம இருந்திருந்தா கூரையோட நானும் போயிருப்பேன். அது பரவால்லையா உனக்கு?" என்று காதருகே கத்தினார். மனாசே கொஞ்சம் அதிகமாகவே யோசித்துவிட்டு, "வேணாம்" என்றார். இனி புயல் விஷயத்தில் லெய்வியா சொல்வதே ஊர்ச் சொல், சபையில் தலைவருக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் என்று தீர்ப்பானது. பெண்கள் அதோடு விட்டார்களா? "நக்கமாலோட புதுக் கூரைக்கு ஓலை தைக்கிறது நாங்க. உள்ள எங்களுக்கு ரெண்டு வரிசை பெஞ்சு போட்டாத்தான் ஊசியைத் தொடுவோம்" என்றார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து அதை ஊருக்கு அறிவித்தேன். அறிவித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை காரணமாக இருக்கலாம், அடுப்பு எதுவும் எரியவில்லை என்றாலும்.

இப்போது வீட்டில் என் நிலைமையைக் கேளுங்கள். கிழங்கு தோலுரிப்பவன் நான். பேன் பார்க்கச் சொல்லிப் பேத்தி உட்கார்ந்தால் பார்ப்பவனும் நான். ஊர்ப் பெண்கள் நேராக வந்து, "உங்க வீட்டு அம்மா இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள், நான் இருப்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு! ஆகவே, அண்ணன் என்ற முறையில் அடுத்த கப்பலில் வந்து, இவ்வளவு பெரிய பொறுப்பு வேண்டாம் என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிப் போகும்படி கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் தோட்டத்தில் கிழங்கு தொடை பருமன் விளையட்டும், வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
கல்மட்டாக்

பின்குறிப்பு: நீங்கள் வரவேண்டாம். ஐந்து தீவுகளின் பெண்கள் விலாவில் கூடுகிறார்களாம், நம் தீவுக்காகப் பேச லெய்வியாவை அழைத்திருக்கிறார்கள். இதை எடுத்துவரும் கப்பலிலேயே நாங்களும் வருகிறோம், அவள் பாயைச் சுமப்பவன் நான்தான். மேலே எழுதியதைக் கிழித்துப்போடுங்கள், அவள் எதிரில் சிரித்துவைக்காதீர்கள். கப்பலில் ஏறியதிலிருந்து பதினோரு பேரிடம் நான் அவள் புருஷன் என்று சொல்லிவிட்டேன். நீ யார் என்று அவர்களில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.