மாப்பிள்ளைக்கு வாங்கிய மடக்குக் கத்தி

கத்தி திறந்துகொண்டது. மடங்கத்தான் மறுத்தது.

ஜலாலுதீன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கைப்பிடிக்குள் இருந்த மெல்லிய தகடு ஒன்று பிளேடின் அடியில் வந்து முட்டுக் கொடுத்து நின்றது. அதுதான் லாக். அதைத் தள்ளினால் கத்தி மடங்கிவிடும் என்று செல்போன் வீடியோவில் ஒருவன் சிரித்துக்கொண்டே செய்து காட்டியிருந்தான். ஜலாலுதீன் கட்டைவிரல் சிவக்கும்வரை அழுத்தினார். தகடு அசையவில்லை.

"இன்னாங்க, இன்னும் அந்தக் கத்திய வெச்சிகினு கீறீங்க? வெங்காயம் உரிக்க யாரு வர்றது?" என்று சமையலறையிலிருந்து ஷாஜாதி குரல் கொடுத்தார்.

"இது மூட மாட்டேங்குது ஷாஜாதி."

"தொறக்காம இருந்தா மூடுற வேலையே இருந்திருக்காது."

"செக் பண்ணாம எப்டி குடுக்கிறது? மாப்ள கையில போயி மக்கர் பண்ணா யாருக்கு அசிங்கம்?"

ஜலாலுதீன் செங்கல்பட்டு பஜாரில் குடையும் சூட்கேஸும் விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு குடையை விற்பதற்குள் அதை விரித்து, மடக்கி, மறுபடியும் விரித்துக் காட்டிக்கொண்டே இருப்பார். "போதும் பாய், அதுக்குள்ள மழையே நின்னுடப் போவுது" என்று வாங்க வந்தவர் கெஞ்ச வேண்டும். இப்போது ஜலாலுதீன் உயிரோடு இல்லை. ஆனாலும் அந்தத் தெருவில் யாராவது பூட்டிய பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தால், "இன்னா, ஜலால் பாய் ஆயிட்டியா?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

கத்தி முந்தின நாள் மாலை கூரியரில் வந்தது. மகள் ருக்ஸார்தான் போனில் படம் அனுப்பி, "இதே மாடல்தான் அத்தா. வேற எதையும் வாங்கிடாதீங்க" என்று சொல்லியிருந்தாள். அவள் கணவர் ரயானுக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் கணக்கு எழுதும் வேலை. லீவு கிடைத்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். தூண்டில் நரம்பு வெட்ட ஒரு நல்ல கத்தி வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

மாப்பிள்ளைக்கு ஏன் திடீரென்று பரிசு என்றால், அதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளை இந்த வீட்டில் சாப்பிடுவதில்லை.

கல்யாணமாகி ஆறு மாதம். வரும்போதெல்லாம் ஷாஜாதி விதவிதமாகச் செய்துதான் பார்த்தார். பிரியாணி வைத்தார், இடியாப்பமும் பாயாவும் வைத்தார், வஞ்சிரம் வறுத்து வைத்தார். எது வைத்தாலும் இரண்டு வாய்தான். "போதும் மாமா" என்று மெல்லச் சொல்லி, தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

"நம்ம வூடு அவருக்குப் புடிக்கல ஷாஜாதி" என்று ஜலாலுதீன் அன்று காலையிலும் புலம்பினார். "கல்யாணத்துல இன்னா கொற வெச்சோம்னே தெரியல. நாளைக்கு அவரு வர்றதையே நிறுத்திட்டா? புள்ளைய அனுப்பாம வுட்டுட்டா?"

"வாயக் கழுவுங்க" என்றார் ஷாஜாதி. ஆனால் அவர் முகமும் சரியில்லை.

ஆகவே அந்தக் கத்தி மடங்கியே தீர வேண்டும்.

ஜலாலுதீன் தேங்காய் எண்ணெய் விட்டார். குடைக் கம்பி இறுகிப்போனால் கடையில் அவர் செய்கிற வைத்தியம் அது. எண்ணெய் லாக்குக்குள் இறங்குவதற்குமுன் கைப்பிடி முழுக்கப் பரவியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினார். கத்தி கையிலிருந்து வழுக்கிப் பறந்து, மாப்பிள்ளை உட்காருவதற்கென்றே புது உறை போட்ட சோபாவில் செங்குத்தாகப் போய் நின்றது. பிடுங்கியபோது உறை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளேயிருந்த ஃபோம் எட்டிப் பார்த்தது.

ஷாஜாதி கரண்டியோடு வந்து நின்றார். கிழிசலைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"கூர்மைய செக் பண்ணியாச்சா?"

"அது ஓகே" என்றார் ஜலாலுதீன் பரிதாபமாக.

கிழிசலின்மேல் ஒரு பூத்துவாலையை விரித்துவிட்டு அவர் எதிர்வீட்டுக்கு ஓடினார். அங்கே தீனதயாளன் இருந்தான். பைக் மெக்கானிக். நட்டு போல்ட்டு உள்ள எந்தப் பொருளும் தனக்குக் கட்டுப்பட்டது என்று நம்புகிறவன்.

"இன்னா பாய், கத்தியோட வர்ற? யாரு மேல கோவம்?"

"இதும் மேலதான். மூடித் தொலைய மாட்டேங்குது தீனா."

தீனதயாளன் வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கத்தியை வாங்கி வலது கையில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினான். ஊதிவிட்டு அழுத்தினான். திட்டிவிட்டு அழுத்தினான். விரல் மரத்துப்போனதும், கையை உதறிக்கொண்டு கத்தியை இடது கைக்கு மாற்றப் போனான்.

"டேய் டேய்!" ஜலாலுதீன் பதறிவிட்டார். "மாப்ளைக்குக் குடுக்கிற சாமானுடா அது. பீச்சாங்கையால தொடுற? சோத்துக் கை எதுக்குக் கீது?"

அடுப்பில் கை பட்டவன்போல் தீனதயாளன் இடது கையை மடக்கிக்கொண்டான். "மறந்துட்டேன் பாய். சாரி."

இந்த விஷயத்தில் ஜலாலுதீன் விட்டுக்கொடுக்கவே மாட்டார். இடது கையால் சில்லறை நீட்டுகிற வாடிக்கையாளரிடம்கூட, "அந்தக் கையில குடுங்க தம்பி" என்று காத்து நிற்பார். ருக்ஸாரும் இந்தப் பாடத்தைக் கேட்டே வளர்ந்தவள்.

வேறு வழியில்லாமல் தீனதயாளன் குறடை எடுத்தான். குறடு லாக்கைப் பிடிப்பதாக நினைத்துக் கைப்பிடியைப் பிடித்தது. 'கிறீச்' என்று ஒரு சத்தம். கறுப்புக் கைப்பிடியில் வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு விழுந்தது.

"கீறிட்டியேடா!"

"யூஸ் பண்ணா கீறல் வுழத்தான் செய்யும் பாய்."

"இன்னும் அவரு கைக்கே போவலடா!"

"அப்ப இது கம்பெனி டிஃபெக்டு. திருப்பி அனுப்பிடு."

"தொறந்த கத்திய எவன் வந்து வாங்கிகினு போவான்? போலீசுதான் வரும்."

வாசலில் பைக் ஹாரன் கேட்டது. திருக்கழுக்குன்றம் ரோட்டில் வெயிலேறுவதற்குள் கிளம்பி, ருக்ஸாரும் ரயானும் சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

ஜலாலுதீன் சுற்றுமுற்றும் பார்த்தார். கத்தியின் சொந்தப் பெட்டி மடங்கிய கத்திக்குத்தான் பொருந்தும். அலமாரிமேல் ஒரு நீளக் குடையின் அட்டைப்பெட்டி இருந்தது. கத்தியின் முனை அட்டையைக் கிழிக்காமலிருக்க, அதில் ஓர் உருளைக்கிழங்கைக் குத்தி, அப்படியே பெட்டிக்குள் தள்ளி மூடினார்.

"நீயும் இருந்து சாப்ட்டுட்டுப் போ தீனா" என்று கிசுகிசுத்தார். "கூட ஒரு ஆளு நல்லா சாப்ட்டா, அதப் பாத்தாவது அவரு ரெண்டு வாயி கூட சாப்டுவாரு."

"அத நான் பாத்துக்கிறேன் பாய்" என்று தீனதயாளன் பொறுப்பாகச் சொன்னான்.

ரயான் ஸலாம் சொல்லிவிட்டுச் சோபாவில் உட்காரப் போனார்.

"அங்க வேணாம் மாப்ளே!" என்று ஜலாலுதீன் கத்திய கத்தலில், பாதி உட்கார்ந்தவர் விறைத்து எழுந்துகொண்டார்.

"ஏன் மாமா?"

"அது வந்து, அங்க வெயிலு அடிக்கும்."

சோபா இருந்த மூலையில் எந்தக் காலத்திலும் வெயில் அடித்ததில்லை. ரயான் சமையலறை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார். மாப்பிள்ளையைச் சமையலறை வாசலுக்குத் துரத்திவிட்டோமே என்று ஜலாலுதீன் தன்னையே நொந்துகொண்டார்.

பாய் விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். ஷாஜாதி பிரியாணியை மலையாகக் குவித்தார். தீனதயாளன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். அவன் தட்டு நிரம்பிக் காலியாகி மறுபடி நிரம்பியது. ரயான் குனிந்து ஒரு வாய் எடுத்தார். பாதி வாய்க்குப் போனது, பாதி தட்டுக்கே திரும்பியது. இன்னொரு வாய். பிறகு தண்ணீர் டம்ளரைத் தேடினார்.

"போதும் மாமா."

ஜலாலுதீனுக்குத் தாங்கவில்லை. இனி வைத்திருந்து பயனில்லை, பரிசை இப்போதே கொடுத்துவிட வேண்டியதுதான் என்று எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். மூடியைப் பிய்த்து உள்ளேயிருந்ததை உருவினார். உருளைக்கிழங்கு கழன்று விழுந்து, உருண்டு, ரயானின் தட்டில் மோதி நின்றது.

எண்ணெய் மின்னும் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்கலங்க, மாப்பிள்ளைக்கு நேராக நின்று ஜலாலுதீன் சொன்னார்:

"சாப்புடணும் மாப்ளே. இன்னிக்கு நீங்க சாப்புடாம எழுந்துக்கக் கூடாது."

ரயான் கத்தியைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார்.

"சாப்டுறேன் மாமா. இதோ சாப்டுறேன்."

அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சட்டையிலும் மடியிலுமாகச் சோறு சிதறியது.

"அத்தா!" ருக்ஸார் அலறினாள். "கையில இன்னா அது?"

அப்போதுதான் ஜலாலுதீன் தன் கையைப் பார்த்தார். "ஐயையோ! இது கிஃப்டும்மா! மாப்ளைக்குத்தான் வாங்கினேன். லாக்கு வுடல. எண்ணெ போட்டு வழுக்கிடுச்சு, இவன் குறடு போட்டுக் கீறிட்டான்..." கைப்பிடியில் இருந்த கீறலைக் கட்டைவிரலால் தேய்த்தார். "ஒரு நல்ல சாமானா குடுக்கணும்னு ஆசப்பட்டேன் மாப்ளே. அதுகூட ஒழுங்கா அமையல."

ரயானின் முகத்தில் பயம் போய் வேறு ஏதோ வந்தது. "குடுங்க மாமா, நான் பாக்குறேன்" என்றார்.

வலது கை முழுக்க மசாலா. யோசிக்காமல் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் தானாகப் போய்த் தகட்டின்மேல் படிந்தது.

டக்.

கத்தி மடங்கியது.

ரயான் அதைத் திறந்தார், மடக்கினார், மறுபடி திறந்தார், மடக்கினார். பிளேடு சத்தமில்லாமல் வந்துபோனது. பரவசத்தில் அவர் சுற்றியிருந்தவர்களை மறந்தே போனார்.

"சூப்பரா இருக்கு மாமா!"

"எப்டி மாப்ளே?" என்றார் ஜலாலுதீன், வாயைப் பிளந்துகொண்டு. "நாங்க ரெண்டு பேரும் காலையிலேர்ந்து அழுத்துறோமே!"

"அது பீச்சாங்கைக்காரங்களுக்குன்னே லாக்க எதிர்ப்பக்கமா வெச்சு செய்யுற மாடல் அத்தா" என்று ருக்ஸார் பெருமையாக ஆரம்பித்தாள். "அதனாலதான் வேற வாங்காதீங்கன்னு..." சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ரயான் இடது கையைக் கத்தியோடு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பரீட்சையில் பிடிபட்ட பையன்போல் தலை குனிந்தார்.

ஜலாலுதீன் கத்தியைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தட்டையும், தட்டைச் சுற்றிக் குழந்தை சாப்பிட்ட இடம்போலச் சிந்திக் கிடந்த சோற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். ஷாஜாதி கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது.

தீனதயாளன் மட்டும் எலும்பைக் கடிப்பதை நிறுத்தாமல், நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னான்:

"பாய், கத்தி நல்லாத்தான் கீது. ஒனக்கு பயந்துகினு மாப்ளதான் ஆறு மாசமா தப்பான கையில சாப்ட்டுகினு கீறாரு."