கிளறியண்ணையும் ஸ்பாமுக்குள் விழுந்த என் கடிதமும்

வாசகப் பெருமக்களே! உங்களிடம் நான் தீர்ப்புக் கேட்கவில்லை. சாட்சியம் மட்டுமே கேட்கிறேன். உங்கள் கைப்பேசியில் மின்னஞ்சல் இருக்கிறது. அதன் ஓரத்தில், குப்பைக் கடிதம் என்று இயந்திரம் சந்தேகிப்பதைத் தள்ளிவைக்கும் ‘ஸ்பாம்’ என்றொரு பெட்டி இருக்கிறது. அதை நீங்கள் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். உங்கள் மௌனத்தைப் பதிவு செய்துகொண்டு என் கூற்றை முன்வைக்கிறேன். ஆல்ப்ஸ் மலைக்கு இப்பாலும் அப்பாலும், தன்னுடைய ஸ்பாம் பெட்டியோடு நில்லாமல் ஊரார் அனைவருடைய பெட்டியையும் திறந்து பார்ப்பதைத் தன் கடமையாகக் கொண்ட மனிதர் ஒருவரே. அவர் எங்கள் சுவிஸ் ஊரான எம்மன்புரூக்கேயின் கிளறியண்ணை.

அவருடைய இயற்பெயர் அவருடைய தபால் பெட்டியில் எழுதியிருந்தது. அதைத் தபால்காரரைத் தவிர எவரும் வாசித்ததில்லை. கோழி குப்பையைக் கிளறுவதுபோல் பிறருடைய ஸ்பாமைக் கிளறியதால் அவர் கிளறியண்ணை ஆனார். தனியாள். ஒரு வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றுவார், அமருவார், தேநீர் வரும், அதைக் கையால் தடுப்பார்.

“முதல்ல ஸ்பாமைத் திறவுங்கோ. தேத்தண்ணி பிறகு.”

எவரும் மறுத்ததில்லை. மறுத்தால் தேநீர் ஆறும், அவர் போகமாட்டார்.

இந்தப் பித்துக்கு ஒரு காரணம் இருந்தது. கழிவுப் பொருட்களைத் தரம்பிரிக்கும் ஆலையொன்றில் அவருக்கு வேலை. கமெரா பூட்டிய ஓர் இயந்திரம் தகரம் எது, போத்தல் எது, வெறும் குப்பை எது என்று தீர்ப்பு வழங்கும். அது தவறாகத் தள்ளுவதைக் கையால் மீட்பது அண்ணையின் பணி. ஒருநாள் அந்த இயந்திரம் முதலாளியின் சாப்பாட்டுப் பெட்டியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குப்பை என்று தள்ளிவிட்டது.

“அந்த நாளோட முடிவெடுத்தனான் தம்பி. எது குப்பை எண்டு மிசின் சொன்னா நம்பப்படாது. அது அவசரத்தில சொல்லும்.”

அவருடைய கிளறலால் நன்மை விளையவில்லை என்று எவரும் வாதிட முடியாது. எங்கள் மேல்மாடிப் பிள்ளை நீச்சல் உடையோடு பள்ளிக்கூடம் போகவிருந்த காலையில், ‘இன்று மலையேற்றம், தடித்த சப்பாத்து அவசியம்’ என்ற ஆசிரியையின் கடிதத்தை ஸ்பாமிலிருந்து தூக்கியவர் அவரே. மீட்பதோடு அவர் நிற்கவும் இல்லை. வருமுன் காப்பதே அவருடைய கொள்கை. “தெரிஞ்ச ஆளின்ர முகவரியைச் சேத்து வையுங்கோ. தெரியாத ஆளை மிசின் வாசலிலதானே நிப்பாட்டும்? நீங்களும் அப்பிடித்தானே?” என்று சந்தி தோறும் பரப்புரை செய்வார். ஒரு திருமண மண்டபத்தில், மணமக்களோடு படம் எடுக்க நாங்கள் வரிசையில் நின்றபோது, அவர் மேடையேறி மணமகனின் காதருகே குனிந்தார். ஆசி கூறுகிறார் என்று நினைத்தோம்.

“தம்பி, பிள்ளையின்ர ஈமெயிலைச் சேத்து வைச்சிட்டீரோ?”

மணமகன் விழித்தார். மணமகள் அவரை முறைத்தார். சேர்த்திருக்கவில்லை! மாலையும் கழுத்துமாக மணமகன் கைப்பேசியை எடுத்துச் சேர்த்து முடிக்கும்வரை படப்பிடிப்பு நின்றது. பின்னால் நின்ற நாற்பது பேரும் பசியோடு அண்ணையைச் சபித்தோம்.

இனி, என் வழக்குக்கு வருகிறேன். நான் எம்மன்புரூக்கே இளைஞர் பட்டிமன்ற அணியின் தலைவன். வில் நகரில் நடக்கவிருந்த போட்டியில் ‘மனிதருக்கு உறுதுணை பேச்சே’ என்று முழங்குவதற்காக ஓராண்டு கண்ணாடியின் முன் நின்று பயின்றிருந்தேன். பங்குபற்றுவதை மின்னஞ்சலில் மட்டுமே உறுதிசெய்யலாம். சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு அணிப்பட்டியல் மூடப்படும் என்பது விதி. செவ்வாயன்றே அனுப்பிவிட்டேன். கிடைத்ததென்று பதில் வரவேண்டும். புதன் வரவில்லை, வியாழன் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். தெரியாத இலக்கங்களை அவர் எடுப்பதில்லை என்று பின்னர் அறிந்தேன்.

சனி காலை எட்டு மணிக்கு, பேருந்துத் தரிப்பிடத்தில் கிளறியண்ணையிடம் புலம்பினேன்.

“அந்தப் பிள்ளையின்ர ஸ்பாமுக்குள்ள கிடக்கும்,” என்றார். “வா, போவம்.”

“எங்க அண்ணை?”

“வில்லுக்கு. கிளறத்தான்.”

லுட்சேர்ன், சூரிச் என்று மாறி மாறி ஏறி, பத்தரை மணிக்கு, போட்டி அறிவித்தலில் இருந்த முகவரிப்படி வில்லில் செயலாளர் அக்காவின் கதவைத் தட்டினோம். கம்பீரமான அறிமுகவுரை ஒன்றை வழியெல்லாம் தயாரித்திருந்தேன். நான் வாய் திறக்குமுன் அண்ணை முந்திவிட்டார்.

“எம்மன்புரூக்கேயில இருந்து வாறம் தங்கச்சி. உங்கட ஸ்பாமை ஒருக்காப் பாக்கவேணும்.”

திறந்த கதவு பாதி மூடியது. “ஐயோ, அதைத் திறக்கமாட்டன் அண்ணை! அதுக்குள்ள கைவைச்சா வைரஸ் வரும் எண்டு மகன் சொன்னவன்.”

“நான் இருபது வருசமாக் குப்பைக்கு நடுவில நிக்கிறன். ஒரு தடிமன், காய்ச்சல் கூட வந்ததில்லை.”

அக்கா சிரித்துவிட்டார். கதவு திறந்தது, மடிக்கணினியும் திறந்தது. அவருடையது எதையும் தானாக அழிக்காத பழங்காலத்து மின்னஞ்சல் பெட்டி. அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நீதிபதியின் நிதானத்தோடு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினார்.

“இது பொய். இதுவும் பொய். இது முடி வளர்க்கிற எண்ணெய், எனக்குத்தான் வந்திருக்க வேணும். இது… தங்கச்சி, இது ஆரின்ர கலியாணம்?”

அக்கா எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“கடவுளே! இன்டர்லாக்கன் மச்சாளின்ர மகளின்ர கலியாணம்! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் செய்து போட்டாள் எண்டு எட்டு மாதமா அவளோட கதைபேச்சில்லை. இனி அவள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டன் எண்டு ஊரெல்லாம் சொல்லிப் போட்டன்!”

அடுத்த கணம் அவர் மச்சாளை அழைத்தார். மச்சாளோ, அழைத்தும் ஒரு பதில் இல்லையே என்று அதே எட்டு மாதமாகக் கோபத்தில் இருந்திருக்கிறார். இருவரும் அழுதார்கள். அழுகை நீண்டது. பதினொன்றேகால் ஆயிற்று. அக்கா எழுந்து நடந்து நடந்து அழுதார். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. மடிக்கணினியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார் என்பதே என் முறைப்பாடு. என் ஓராண்டு உழைப்பு அவருடைய கக்கத்தில் இருந்தது! குசினிக்குள் அடுப்பருகே போனார், நாங்களும் போனோம். பல்கனிக்குப் போனார், நாங்களும் போனோம்.

பதினொன்றரைக்கு என் மேடைக் குரலை எடுத்தேன். “அக்கா அவர்களே! காலம் எவருக்காகவும்…”

“சத்தம் போடாதையும் தம்பி. மச்சாள் அழுறா.”

பதினொன்றே முக்காலுக்கு, மூக்கைச் சிந்துவதற்காக அவர் கணினியை, இஸ்திரிப் பெட்டி நின்ற உடுப்பு மினுக்கும் மேசையில் வைத்தார். அண்ணை பாய்ந்தார். இரண்டு விரலால் உருட்டினார். நின்றார். தலைப்பை உரக்க வாசித்தார்.

“‘வெற்றி! வெற்றி!! வெற்றி!!! இப்போதே திறவுங்கள்! பொன்னான வாய்ப்பு!’ உது நீ போட்டதோ?”

“ஓம் அண்ணை.”

“மிசினைக் குறை சொல்லேலாது தம்பி. நானெண்டாலும் தள்ளித்தான் இருப்பன்.”

‘ஸ்பாம் இல்லை’ என்பதை அழுத்தினார். மச்சாளைக் காதில் தாங்கியபடியே அக்கா அணிப்பட்டியலை இழுத்து எங்கள் பெயரை எழுதினார். பன்னிரண்டுக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

போட்டியில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இரண்டாம் இடம் பெற்றோம். பங்குபற்றியவை இரண்டு அணிகள். அதை விடுவோம். நான் சொல்ல விரும்புவது அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்த தொடருந்தைப் பற்றி.

பட்டியலில் பெயர் ஏறிய வெற்றிக் களிப்பில் கேட்டேன்: “எல்லாற்ற ஸ்பாமையும் கிளறுறியள். உங்கட ஸ்பாமுக்குள்ள என்ன அண்ணை அகப்பட்டது?”

 அவர் தன் கைப்பேசியை நீட்டினார். ஒரேயொரு கடிதம் பத்திரப்படுத்தப்பட்டிருந்தது. முன்பின் தெரியாத ஒருவன் எழுதியது: ‘அன்பான நண்பரே, நீங்கள் நலமா?’

“இது ஏமாத்துக் கடிதம் அண்ணை!”

“தெரியும். நான் பதிலும் போட்டனான். நலம், நீங்கள் எப்பிடி எண்டு. உடன என்ர வங்கி இலக்கத்தைக் கேட்டான். அதோட விட்டிட்டன்.”

“பிறகேன் இதை வைச்சிருக்கிறியள்?”

“முதல்ல நலமோ எண்டு கேட்டவன்தானே தம்பி. வேற ஆர் எனக்கு எழுதினவை?”

  தொடருந்துப் பெட்டி முழுவதும் சுவிஸ் அமைதி. சூரிச் நெருங்கியபோது எழுந்து நின்றேன். மேடையில் நிற்பதுபோல் நிமிர்ந்து, எதிரே இருந்த பெண்மணி தன் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்க்கும் அளவுக்கு உரத்த குரலில் சொன்னேன்:

“அண்ணை, கிழமைக்கு ஒரு கடிதம் நான் உங்களுக்குப் போடுவன். நலமோ எண்டு கேட்டுத்தான் தொடங்குவன்.”