மச்சானந்தரின் மூச்சு விடும் மண்

மண் மூச்சு விடும் என்று யாராவது வேட்டி கட்டிக்கொண்டு சொன்னால் சிரிப்போம். காவி கட்டிக்கொண்டு சொன்னால் வரிசையில் நிற்போம். ஐம்பத்தாறாம் வருஷம் ஓசூர்ச் சத்திரத்து வாசலில் அப்படித்தான் நின்றார்கள். வரிசை நீண்டு நீண்டு, தளி பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலு பேர் சுவாமியின் காலில் விழுந்துவிட்டுத்தான் பஸ் ஏற முடிந்தது.

பெங்களூரைப் பார்த்து ஓசூரிலும் கண்ணாடித் தொட்டியில் செடி நட்டு மீன் வளர்க்கும் மோகம் வந்திருந்த சமயம். தொட்டியின் அடியில் என்ன மண் போடுவது? அதைச் சொல்வதற்கென்றே அவதரித்தவர் மச்சானந்த சுவாமிகள். ஒரு பிடி வெள்ளை மண்ணின் மேல் துளசி மிதக்கும் தீர்த்தத்தை விடுவார். மண் புசுபுசுவென்று நுரைக்கும். பார்த்த கூட்டம் தான் மூச்சு விடவே மறந்துபோகும். "நிஜானா?" என்று கன்னடத்தில் சந்தேகப்பட்டவர்களும் தமிழில் ஆளுக்கொரு மூட்டை வாங்கிப் போனார்கள்.

சைக்கிள் கடை திம்மராயனும் ஒன்று வாங்கினார். அவர் மகள் ராஜாத்தி அதுவரை ஏரி வண்டலை அடியில் பரப்பி, அலசிய ஆற்று மணலை மேலே மூடி, செடிகளைத் தளதளவென்று வளர்த்து வைத்திருந்தாள். மத்தூரிலிருந்து பெண் கேட்டு வந்திருக்கும் நேரத்தில் வீட்டில் செத்த மண் இருக்கலாமா? அப்பா அதை வாரிக் கொட்டிவிட்டு அருள் மண்ணைப் போட்டார். நாலாம் நாள் செடி வெளுத்தது. ஆறாம் நாள் மூன்று மீனும் மல்லாந்தன.

மண்ணில் குறையிருக்குமா என்ன? பெண்ணுக்கு மச்ச தோஷம் என்றார் சுவாமி. பரிகாரம், இன்னும் இரண்டு மூட்டை. மாப்பிள்ளையின் தாய் ஜோதியம்மாள் கல்யாணப் பேச்சை அத்தோடு நிறுத்திவிட்டாள். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ராஜாத்திக்கு அழுகையைவிட ஆத்திரமே அதிகமாக வந்தது. பரிகாரம் என்று தலையில் தெளித்த தீர்த்தம் வேறு உதட்டில் வழிந்து, நன்றாகப் புளித்தது. எலுமிச்சம்பழச் சாறு!

மறுநாள் காலை இரண்டு கிண்ணங்களோடு சத்திரத்துக்குப் போனாள். ஜோதியம்மாளையும் வரவழைத்திருந்தாள். இரண்டிலும் வெள்ளைத் தூள்.

"சாமி, ஒண்ணு உங்க மண்ணு. இன்னொண்ணு வேற. எதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

சுவாமி இரண்டிலும் தீர்த்தம் விட்டார். இரண்டும் நுரைத்தன. ஒரு கணம் திகைத்தவர், ஞானிக்குரிய சிரிப்போடு இரண்டும் தம் மண்ணே என்றார். அதிகமாகப் பொங்கிய கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதுல அருளு கொஞ்சம் தூக்கல்" என்று சேர்த்தார்.

ராஜாத்தி ஓட்டல்கார கௌஸ் மொய்தீனைப் பார்த்தாள். அவர் கூச்சத்தோடு முன்னே வந்தார்.

"அது நேத்து நம்ம ஓட்டல்ல ஆம்லெட்டு போட்ட முட்டையோட ஓடுங்க. பாப்பா கேட்டுச்சுன்னு நாந்தான் இடிச்சுக் குடுத்தேன்."

கூட்டத்தில் அருள் மண்ணைத் தினமும் நெற்றியில் பூசியவர்கள் அவசரமாக நெற்றியைத் துடைத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்யும் ராமப்பன் சுவாமியின் மூட்டையில் கைவிட்டுப் பார்த்து, இது சரியாக வேகாத சுண்ணாம்புக் கல், புளிப்பு பட்டால் முட்டை ஓடு மாதிரியே நுரைக்கும், தானே இடித்து மூட்டை கட்டியது என்றான். பயிருக்கு மருந்தடிக்க என்று சொல்லி சுவாமி வாங்கினாராம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்குள் சுவாமிகள் கிருஷ்ணகிரி பஸ்ஸில் அந்தர்த்தானமாகியிருந்தார்.

ஜோதியம்மாளுக்கு இன்னும் ஒரு ஐயம் பாக்கி. "அப்ப மீனு எதுக்குச் செத்துச்சு?"

"சுண்ணாம்புத் தண்ணில ஒரு வாரம் உங்கள ஒக்கார வெச்சா நீங்க மட்டும் இருப்பீங்களா, அத்தை?"

ஜோதியம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொன்னாள். யோசித்தாளே, அதுவே பெரிய விஷயம். மீன் பாவம், தொட்டியில் கொட்டியதில்தான் கிடந்தாக வேண்டும். வெளியே நின்று மூக்கும் நாக்கும் மூளையும் வைத்திருந்த நமக்கு என்ன கேடு வந்தது?